ரீச்சரிடம் கேளுங்கள்: இந்த மாதம் சிலந்திக் கடிதங்கள்

போன மாதம் தோட்டத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதியபோது, முடிவில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: "கத்தரிப் பாத்திக்குள் சிலந்தியைக் கண்டால் அடிக்காதேயுங்கோ, அது உங்கட ஆள்." அவ்வளவுதான். கத்தரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் சிலந்திக் கடிதம். வட்ஸ்அப்பில் படங்கள் வேறு. பாதிப் படங்களில் செருப்புத்தான் தெளிவாகத் தெரிகிறது. செருப்பின் அடியில் ஒட்டியிருப்பது முன்பு எந்த இனமாக இருந்தது என்று என்னைக் கேட்கிறார்கள். மானிப்பாய் அன்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், சோடாப் போத்தலுக்குள் உயிரோடு ஒன்றைப் பிடித்துப் போட்டு, ஆள் மூலம் என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் தொகை 2022இல் 50,000ஐத் தாண்டியது. நம்முடைய தீவில் மட்டும் ஐநூறுக்கு மேல். இத்தனைக்குள் மனிதருக்குச் சொல்லும்படியான கெடுதல் செய்யக்கூடியவை ஒரு சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். வந்த கடிதங்களைப் பார்த்தால் தலைகீழாகத் தெரிகிறது. பரவாயில்லை, ஒவ்வொன்றாக எடுப்போம்.

*

ரீச்சர், எங்கட குளியலறைச் சுவரில் உள்ளங்கையளவு மண்ணிறச் சிலந்தி ஒன்று ஒரு கிழமையாக நிற்கிறது. வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக வட்டமாக எதையோ கட்டிப்பிடித்திருக்கிறது. இது கடித்தால் ஆள் தப்பாது என்று மாமி சொல்கிறார். மகள் குளிக்கப் போகமாட்டேன் என்று அழுகிறாள். பூச்சி மருந்து அடிக்கலாமா?
— ஒரு தாய், உரும்பிராய்

அடிக்க வேண்டாம் பிள்ளை. அது கட்டிப்பிடித்திருப்பது தன் முட்டைப் பை. காசுக்குற்றி மாதிரித் தட்டையாக இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. குஞ்சு வெளிவரும்வரை அதைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டே திரியும். பை சுமக்கும் நாட்களில் இரை தேடி ஓடுவதும் குறைவு. அதனால்தான் ஒரு கிழமையாக ஒரே சுவரில் நிற்கிறது.

விலங்கியலில் இதன் பெயர் ஹெற்றரோபொடா வெனற்றோரியா. வெனற்றோரியா என்றால் வேட்டைக்குரியது. பெயருக்கு ஏற்றமாதிரி வலை கட்டாது. இரவில் ஓடிப் பிடிக்கும். அதற்கு மிகவும் பிடித்த சாப்பாடு கரப்பொத்தான். உங்கள் குசினியில் கரப்பொத்தான் குறைவாக இருந்தால் பூச்சி மருந்துக்கு நன்றி சொல்ல முதல் இந்தச் சுவரையும் ஒருமுறை பாருங்கோ.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கோ. இரவில் விளக்கை நிற்பாட்டிவிட்டு, ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தபடி தூரத்தில் நின்று அதன் முகத்துக்கு அடிக்கச் சொல்லுங்கோ. கண்கள் மின்னும். கண்களுக்குக் கீழே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு தெரியும், நன்றாக நரைத்த மீசை மாதிரி. என்னிடம் படித்த பிள்ளைகள் அந்த மீசையைக் கண்ட பிறகு அதற்குப் பயப்பட்டதில்லை. எங்கள் அதிபரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

கையால் அமத்திப் பிடித்தால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், மாறிவிடும். மாமி சொன்ன அளவுக்கு அதனிடம் ஒன்றும் இல்லை. வெளியே விடத்தான் வேண்டும் என்றால் அகன்ற வாய்ப் போத்தலால் மூடி, சுவருக்கும் போத்தலுக்கும் இடையில் ஒரு மட்டையைச் செருகிக் கோடிப்பக்கம் கொண்டுபோய் விடுங்கோ. வேகமாக ஓடும், பதறாதேயுங்கோ.

இந்த இடத்தில் என் வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லவேண்டும். படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் ஆய்வுகூட அலுமாரிக்குப் பின்னால் இதே சிலந்தியைக் கண்டு, மிகக் கவனமாகப் போத்தலால் மூடிப் பிடித்து, "தொடாதேயுங்கோ" என்று எழுதி மேசையில் வைத்தேன். ஒரு கரப்பொத்தானும் பிடித்துப் போட்டேன். இரண்டு நாளாகச் சிலந்தி அசையவில்லை. கரப்பொத்தான் அதன்மேல் ஏறி நடந்தது. மூன்றாம் நாள் ஒரு பொடியன் மெதுவாக, "ரீச்சர், அது சட்டை" என்றான். பாம்பு போலச் சிலந்தியும் சட்டை கழற்றும். கால், நகம், மயிர் என்று ஒன்றும் குறையாமல் முழு உருவமாகக் கிடக்கும். உள்ளே ஆள் இல்லை. அந்தப் பொடியன் இப்போது வைத்தியராக இருக்கிறான். எங்கு கண்டாலும் அந்தக் கரப்பொத்தானைச் சுகம் விசாரிப்பான்.

*

தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஒட்டறை அடிக்கத்தானே வேண்டும்? நீங்கள் அடிக்க வேண்டாம் என்கிறீர்களா?
— ஒரு வாசகி, கோண்டாவில்

அடியுங்கோ. நான் பொங்கலுக்கு எதிரியில்லை. தூசி பிடித்துக் கறுத்துத் தொங்கும் ஒட்டறை பெரும்பாலும் கைவிட்ட வலை. அதில் ஆளும் இல்லை, வேட்டையும் இல்லை.

ஆனால் மூலையில் மெல்லிய நெடுங்கால்களோடு தலைகீழாகத் தொங்குபவரைக் கொஞ்சம் பாருங்கோ. தும்புக்கட்டை கிட்டப் போனதும் உடம்பைப் படபடவென்று ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் உருவமே மங்கிவிடும். அது கோபமில்லை, எதிரியின் கண்ணுக்கு அகப்படாமல் தப்பும் உபாயம். நம் வீடுகளில் இது நுளம்பும் பிடிக்கும். டெங்கு இதனால் கட்டுப்படும் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு மாரி தொடங்க முதல் கோடியில் கிடக்கும் சிரட்டையையும் பழைய ரயரையும் கவிழ்ப்பதுதான் வழி. கட்டிலுக்கு மேலே இருப்பதை அடித்து, சாமான் அறை மூலையில் ஒன்றை விட்டுவைத்தால் பொங்கல் பானை பொங்காமல் போகாது.

*

கழுத்தில் விடிய எழும்பும்போது நெருப்புச் சுட்ட மாதிரி ஒரு கோடு. பிறகு நீர்க்கொப்புளம். சிலந்தி மூத்திரம் பட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுபது வயது. எண்ணெய் தடவுகிறேன்.
— ஒரு ஐயா, கொடிகாமம்

ஐயா, நம் தமிழில் சிலந்தி என்ற சொல் செய்யாத குற்றத்துக்கெல்லாம் பழி சுமந்திருக்கிறது. பழைய வைத்தியத்தில் சில கட்டிகளுக்கும் புண்களுக்கும் சிலந்தி என்றே பெயர். காலில் நூல் நூலாக வெளிவரும் புழு நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள். அதற்கும் எட்டுக்கால் பிராணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தால் பழியும் ஒன்றாகிவிடுகிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு வேறொரு பூச்சியில்தான் சந்தேகம். மாரி மழைக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு மெல்லிய சின்ன வண்டு. எறும்பு போல நீளம்; செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று நித்திரையில் கையால் நசுக்கித் தேய்ப்போம். அதன் உடம்புச் சாற்றில் தோலைப் பொசுக்கும் நஞ்சு இருக்கிறது. தேய்த்த வழியே கோடு விழும். பெரும்பாலும் உடனே தெரியாது; ஒரு நாள் கழித்துத்தான் எரியும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழும். ஊர்ந்தால் நசுக்காமல் ஊதிவிட வேண்டும். நசுக்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

எண்ணெயை விடுங்கோ. இன்னொன்று: கொப்புளம் கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்ந்து உள்ளுக்குள் குத்திக் குத்தி வலித்தால் அது அக்கியாக இருக்கலாம். உங்கள் வயதில் அக்கிக்கு மருந்து எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கோ.

*

எங்கள் காணியில் பழைய பாலை மரப் பொந்துக்குள் மயிர் மூடிய பெரிய சிலந்தி இருக்கிறது. காலை விரித்தால் சாப்பாட்டுக் கோப்பையளவு வரும். புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். மரத்தைத் தறித்துவிடலாமா, புகை போடலாமா?
— ஒரு கமக்காரர், மல்லாவி

தறிக்க வேண்டாம் அண்ணை. புகையும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பெயரைக் கண்டதும் என் வலக்கை மோதிர விரல் ஒருமுறை சுருண்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். அடுத்த வருஷம் கிளாலிக் கடலேரியைக் கடந்து, மல்லாவிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். ஒருநாள் பின்னேரம் விறகு பொறுக்கப் போனேன். பட்டுப்போன பாலை மரம் ஒன்று, அடியில் பொந்து. பொந்துக்குள் நல்ல காய்ந்த கொத்து ஒன்று தெரிந்தது. கையை விட்டேன். நெருப்புக் கொள்ளியை விரலில் வைத்து அழுத்திய மாதிரி இருந்தது. கையை இழுக்கும்போது கூடவே வந்து, மரத்தில் ஒட்டி, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய காலின் அடிப்பக்கம் மஞ்சள். பயத்துக்குள்ளும் அந்த மஞ்சள் மட்டும் இப்போதும் நினைவிருக்கிறது.

முழங்கைவரை வீங்கியது. இரண்டாம் நாள் வற்றியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் இரவு கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. பிறகு தோள், பிறகு வயிறு. பத்துப் பன்னிரண்டு நாள், பெரும்பாலும் இரவில், நினைத்த நேரம் வந்து பிடித்துவிட்டுப் போகும். கடித்தது விரலில், இழுப்பது காலில், எனக்கே விளங்கவில்லை. பெரிய மயிர்ச் சிலந்திகளின் கடி குளவிக் கொட்டுக்கு மேல் போகாது என்று புத்தகத்தில் படித்தவள் நான். அதையே வகுப்பில் ஒப்பித்தவளும் நான்தான். அந்தப் புத்தகம் சொன்னது அமெரிக்கச் சிலந்திகளைப் பற்றி. அவை வயிற்று மயிரை உதிர்த்து எதிரியை அரிக்க வைக்கும், நஞ்சு குறைவு. நம்முடையவற்றுக்கு அந்த மயிர் வித்தை இல்லை, நஞ்சுதான் கூட. வலி, வீக்கம், நாட்கள் கழித்தும் வரும் தசைப்பிடிப்பு — வடக்கில் கடிபட்டவர்களைக் கவனித்த வைத்தியர்கள் பதிந்திருப்பதும் இதைத்தான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆளை வாட்டிவிடும். தசைப்பிடிப்புக்கு மருந்து இருக்கிறது. அன்று எனக்குக் கிடைக்கவில்லை, இன்று உங்களுக்குக் கிடைக்கும்.

இந்தச் சாதியின் பெயர் பொய்சிலோதீரியா. கிரேக்கத்தில் புள்ளி மிருகம் என்று அர்த்தம். சிங்களத்தில் திவி மகுளுவா, அதாவது சிறுத்தைச் சிலந்தி. வன்னியில் புலிமுகம். ஒருவரை ஒருவர் கேட்காமலே மூன்று பேரும் காட்டு மிருகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள், பாருங்கோ.

இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இவை காட்டில் இல்லை. 2009இல் மாங்குளத்து மக்கள் செத்த சிலந்தி ஒன்றை ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தார்கள். தேடிப் போனவர்கள் மரப் பொந்திலும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்திலும் உயிரோடு கண்டார்கள். கால்விரிப்பு 20 சென்ரிமீற்றர்வரை. காலில் மஞ்சள், வயிற்றைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டை. 2012இல் புதிய இனம் என்று அறிவித்து, தேடும்போது துணைக்கு நின்ற பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். செய்தியைப் படித்தபோது என் விரலைப் பார்த்துக்கொண்டேன். என்னைக் கடித்தது அதுவா அதன் ஒன்றுவிட்ட சகோதரமா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பழைய மரங்கள் குறையக் குறையத்தான் இவை கட்டடங்களுக்குள் வருகின்றன. உங்கள் பாலை மரத்தைத் தறித்தால் அது உங்கள் வீட்டுக் கூரைக்கு வரும். மரம் நின்றால் அது மரத்தில் நிற்கும். பிள்ளைகளைப் பொந்துக்குள் கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, போதும். வெளியூரார் யாராவது வந்து நல்ல விலை தருகிறேன் என்று கேட்டால் கொடுக்காதேயுங்கோ. வெளிநாட்டில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் இந்தச் சாதி முழுவதும், காட்டு உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு கடத்த முடியாது. அதை முடிவுசெய்த மாநாடு முதலில் கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த வருஷத்து உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள்.

*

பன்னிரண்டு வருஷமாகப் பூட்டியிருக்கும் எங்கட வீட்டுக்கு நல்லூர்த் திருவிழாவுக்கு வர இருக்கிறோம். சிலந்தி கடித்துத் தசை அழுகிய படங்கள் குடும்பக் குழுவில் வந்தபடி. மனிசி ரிக்கெற்றை மாற்றச் சொல்கிறா.
— ஒரு வாசகர், ரொறன்ரோ

ரிக்கெற்றை மாற்ற வேண்டாம். அந்தப் படங்களோடு வரும் சிலந்தி ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும் தெற்குக்கும் சொந்தமானது. உங்களுக்குத்தான் அது பக்கத்து ஊர், எங்களுக்கில்லை.

பூட்டிய வீட்டில் நான் தேடுவது வேறொன்றை. பிளாஸ்ரிக் கதிரையைத் தலைகீழாகப் பிடித்து விளிம்பின் உட்பக்கத்தைப் பாருங்கோ. வெறும் பூச்சாடி, தண்ணீர் மீற்றர்ப் பெட்டி, கேற்றின் அடிச்சட்டம் இவையும்தான். ஒழுங்கில்லாத, ஆனால் தொட்டால் நைலோன் மாதிரி விறைப்பான நூல். அதற்குள் பட்டாணியளவு உருண்டை வயிறு. வயிற்றின் அடியில் மணல் நாழிகை போல ஒரு செம்மஞ்சள் குறி. பக்கத்தில் குட்டி ஊமத்தங்காய் மாதிரி முள்ளு முள்ளாக ஒரு பை தொங்கினால் சந்தேகமே இல்லை, பழுப்பு விதவைச் சிலந்தி. வெப்ப நாடுகள் எங்கும் பரவியிருக்கிற ஆள். இதன் உறவான இன்னொரு விதவைச் சிலந்தியை இலங்கையிலிருந்து 1991இல் விவரித்திருக்கிறார்கள். சில வேளைகளில் பெண் ஆணைத் தின்றுவிடுவதால் இந்தப் பெயர்; விதவை என்ற சொல்லை இப்படிப் பழிச்சொல்லாக்கியது எனக்குப் பிடிப்பதில்லை.

பழுப்பு விதவை தானாக வந்து கடிக்காது. கண்டால் சுருண்டு கீழே விழும். கதிரை விளிம்பில் விரலைக் கொடுத்து இழுக்கும்போது நசுங்கினால்தான் கடி. கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்து வலியோடு நிற்கும். வியர்த்துக் கொட்டி, வயிற்றுத் தசை இறுகினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. துப்புரவு செய்யும்போது கையுறை போடுங்கோ. சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கோ. திருவிழாவில் எப்படியும் வெறுங்கால்தானே.

*

நடுச்சாமம் பாயில் படுத்திருந்த அப்பாவை ஏதோ கடித்தது. ரோச் அடித்தால் சுவரில் ஒரு சிலந்தி. சிலந்திதானே என்று சுண்ணாம்பு தடவிவிட்டுப் படுத்தார். விடிய வயிற்றுவலி, கண் இமை திறக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மெசினில் மூச்சு விட்டார். பாம்பு என்று சொன்னார்கள். அப்பா இன்னும் நம்பவில்லை, கண்ணால் கண்டது சிலந்தி என்கிறார்.
— ஒரு மகன், சாவகச்சேரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் இரண்டு தரம் வாசித்தது இதைத்தான். தம்பி, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கோ: நம் நாட்டில் எந்தச் சிலந்தியும் கண் இமையை விழுத்தாது, மூச்சை நிற்பாட்டாது. அது எண்ணெய் விரியனின் வேலை. கட்டுவிரியன் என்றும் சொல்வார்கள். இரவில் வீட்டுக்குள் வரும், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது. பல் பட்ட இடமே சில வேளை தெரியாது. கடித்தவர் போய்விடுவார். ரோச் அடிக்கும்போது சுவரில் நிற்பவர், பாவம், எப்போதும் அங்கே நிற்கிறவர்.

வலி இல்லாததால்தான் சிலந்தி என்று நினைக்கிறோம். சிலந்தி என்று நினைப்பதால்தான் சுண்ணாம்பு தடவிவிட்டுப் படுக்கிறோம். போகிற நேரம் அதற்குள் போய்விடுகிறது. இரவில் நித்திரையில் எது கடித்திருந்தாலும், கடித்ததைக் கண்ணால் காணாவிட்டால் பாம்பு என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிட வேண்டாம். வயிற்றுவலி வந்தால் இன்னும் கெதியாகப் போகவேண்டும். நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுத்தால் பாதிப் பயம் குறையும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் சிலந்திக்குப் பயப்படுகிறவர்கள் பயப்படவேண்டியது சிவப்புத் தேளுக்கு. கற்குவியல், ஓட்டுக் கும்பி, விறகு அடுக்கு இவற்றுக்குள் இருக்கும், நட்டுவக்காலியைவிடச் சிறியது. பெரிய கறுப்பைக் கண்டு அலறுவோம், சின்னச் சிவப்பைச் செருப்பால் தட்டிவிடுவோம், ஆபத்து சின்னதில். கொட்டினால் கடும் வலி. அதோடு வியர்வை, சத்தி, கைகால் குளிர்வது, நெஞ்சு படபடப்பது என்று தொடங்கினால், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பிரசோசின் என்ற குளிசை இதற்குக் கைகொடுக்கிறது. அதை வைத்தியர்தான் அளந்து கொடுக்கவேண்டும். வீட்டில் வாங்கி வைத்து விளையாட வேண்டாம்.

*

மாமரத்தில் முசுறு ஒன்று இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போனது. தட்டினேன், நூலில் தொங்கியது! முசுறு நூல் விடுமா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன்.
— ஒரு மாணவி, கொக்குவில்

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் எழுதலாம். மகளே, நீர் கண்டது முசுறு இல்லை, முசுறு வேஷம் போட்ட சிலந்தி! குதிக்கும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1869இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஒக்ரேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாள் சிலந்தி.

அடுத்த முறை இப்படிப் பாரும். முசுறுக்குக் கால் ஆறு, உணர்கொம்பு இரண்டு. இதற்குக் கால் எட்டு; ஆறில் நடந்து, முன் இரண்டையும் தூக்கித் தலைக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே போகும், உணர்கொம்பு என்று நாங்கள் நினைப்பதற்கு. உடம்பின் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். தலையின் பக்கத்தில் கறுப்புப் பொட்டு, முசுறின் கண் என்று நினைக்க. உண்மையான பெரிய கண்கள் முன்னால், காரின் ஹெட்லைற் மாதிரி. தூக்கிக்கொண்டு போன மற்ற முசுறு? அது அதன் தாடை. ஆணுக்கு மட்டும் தாடை உடம்பளவு நீண்டு, நுனி தடித்து, இன்னொரு எறும்பின் தலை போலத் தெரியும். முசுறுக் கூட்டத்தைக் கண்டால் பறவைகளும் பூச்சிகளும் விலகிப் போகும். அந்தப் பயத்தின் நிழலில் இது பிழைக்கிறது. ஆனால் உண்மையான முசுறிடம் அகப்பட்டால் தொலைந்தது. அதனால் முசுறு வரும் வழியில் நிற்காமல் இலை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போகும். நீர் தட்டியதும் நூல் விட்டுத் தொங்கியது பாரும், அங்கேதான் வேஷம் கலைந்தது.

படம் எடுத்திருந்தால் அனுப்பும்.

*

மன்னார்ப் பக்கம் முட்பற்றையில் பஞ்சு மூட்டை மாதிரிச் சிலந்திக் கூடு. நூறு சிலந்தியாவது இருக்கும். சண்டை பிடிக்காதா?
— ஒரு சாரதி

பிடிக்காது. வறண்ட பகுதிக் கூட்டுச் சிலந்தி அது. பெயரில் சரசின் என்று வரும். 1880களில் இலங்கையில் திரிந்த சுவிஸ் நாட்டு இயற்கையாளர் இருவரின் குடும்பப் பெயர். எல்லாரும் சேர்ந்து வலை பின்னி, சேர்ந்து இரை பிடித்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். நல்ல கூட்டுக்குடும்பம் என்று சொல்ல வந்தேன். கடைசியில் பிள்ளைகள் தாயையும் சாப்பிட்டுவிடும், அதனால் சொல்லவில்லை.

*

சிலந்தியைக் கொல்வது பாவமா?
— ஒரு முதியவர், நல்லூர்

அதை நீங்கள் ஐயரிடம் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்தது கதை மட்டும். திருவானைக்காவில் இலிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்ட சிலந்தி, அதை அழுக்கென்று கலைத்த யானையோடு சண்டை பிடித்துச் செத்து, கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. ஒட்டறைக் கம்பை எடுக்கும்போது சிறுவயதில் எங்கள் அம்மம்மா முதலில் கும்பிடுவா. பிறகு அடிப்பா.

*

இப்போது மானிப்பாய்ப் போத்தல்.

"பாத்தியில் பிடித்தது, நஞ்சா என்று பார்த்துச் சொல்லவும்" என்று துண்டு. மூடியில் ஓட்டை இல்லை. வெயிலுக்குள் வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் நிலத்தில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி. எட்டுக் காலும் வயிற்றுக்கு உள்ளே மடிந்து கிடந்தது. செத்த சிலந்தி ஏன் கால் மடிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அதற்குக் காலை மடக்கத்தான் எல்லா மூட்டிலும் தசை இருக்கிறது. நீட்டுவது உடம்புத் திரவத்தை அழுத்தி அனுப்பித்தான், மண் வெட்டும் மெசினின் கை நீளுவது மாதிரி. உயிர் போனால் அழுத்தம் போகும், கால் சுருண்டுவிடும்.

மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இல்லை, அண்ணை. அது உங்கள் கத்தரியின் காவல்காரி. போத்தலை வெளிச்சத்தில் பிடித்தபோது முதுகு சொரசொரப்பாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு அசைந்தது. குஞ்சுகள். கடுகிலும் சிறியவை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, செத்த தாயின் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இந்தச் சாதியில் தாய் முட்டைப் பையைப் பின்னால் கட்டி இழுத்து, குஞ்சு பொரித்ததும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும்.

போத்தலைக் கொண்டுபோய் என் கத்தரிப் பாத்தியில் சரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தேன். அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. பெரும்பாலானவை கத்தரி இலைக்குக் கீழே போய்விட்டன. சில மட்டும், கத்தரிக்கு முண்டு கொடுத்த ஈர்க்கின் நுனிவரை ஏறி, காலை ஊன்றி, பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கின. நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் சரிந்து பட்டபோது ஒருகணம் மின்னியது. காற்று வந்தது. ஈர்க்கு நுனியில் ஆள் இல்லை.

இரண்டு மூன்று குஞ்சுகள் மதிலுக்கு மேலால் அடுத்த வளவுக்குப் போனதை நான் கண்டேன். அந்த வீட்டுக்காரரும் நம் வாசகர்தான். அடுத்த மாதம் அவருடைய கடிதம் வரும்.